தினமும் காலையில் மாறிக்கொண்ட ஜேபிஜி

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, தவறிப்போனவர்களின் பழைய படத்தைப் பெரிசாக்கி பிரேம் போடுவது என்று எல்லாம் நடக்கும். உரிமையாளரை ஊரே அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படித்தான். அங்கே கணினி மக்கர் பண்ணினால் எனக்கு போன் வரும்.

பழைய விண்டோஸ் 7 கணினியின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் புதுசு ஒன்று வாங்கினார். விண்டோஸ் 11. பன்னிரண்டு வருஷத்துப் படங்களை நகல் எடுத்துக் கொடுத்தது நான். மாற்றி முடித்ததும் அவர் ஒரு பென்டிரைவை நீட்டினார். அதில் பத்திரமாக வைத்திருந்தது படம் பார்க்கவும் திருத்தவும் உதவும் பிக்காஸா என்ற மென்பொருளின் இன்ஸ்டாலர்.

"அது செத்து ரொம்ப வருஷமாச்சு அண்ணாச்சி. வேற ஏதாவது போட்டுத் தாரேன்."

"எனக்கு அது கை பழகிப்போச்சு தம்பி. போடு."

போட்டேன். கூகுள் 2004-ல் வாங்கி, 2016 மார்ச் 15-உடன் கைகழுவிய மென்பொருள் அது. அதற்குப் பிறகு ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வந்ததில்லை. ஆனாலும் விண்டோஸ் 11-ல் ஓடத்தான் செய்கிறது. ஃபோல்டர் ஃபோல்டராகப் படங்களைக் காட்டும் அந்த எளிமை பிறகு வந்த எதிலும் எனக்கும் கிடைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியிடமிருந்து புகார் வந்தது. "போட்டோவ தொட்டா வேற எதுலயோ தொறக்குது. சில படம் எதுலயுமே தொறக்கல. சில படம் பிக்காஸாவுலயே காணல. நேத்து ஒரு பிரிண்ட் போட்டா கலர் கரெக்‌ஷன் இல்லாம வந்து நிக்குது. லிங்க் விட்டுப்போச்சு போல."

எல்லாவற்றுக்கும் அவர் வைத்த பெயர் "லிங்க்". நானும் முதல் நாள் அப்படியே நம்பிவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. உண்மையில் அங்கே இருந்தவை நாலு தனித்தனிக் கோளாறுகள். கோப்புத் தொடர்பு, அதாவது எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறப்பது என்ற ஏற்பாடு, அவற்றில் ஒன்றில்தான் கெட்டிருந்தது.

முதல் நாள்

ஜேபிஜி படத்தை இரட்டைச் சொடுக்கினால் பிக்காஸா போட்டோ வியூவர் வர வேண்டும். வந்தது விண்டோஸோடு வரும் போட்டோஸ். இதற்கென்று பிக்காஸாவின் டூல்ஸ் மெனுவிலேயே 'கன்ஃபிகர் போட்டோ வியூவர்' என்று ஒன்று உண்டு. எந்தெந்த வகைகளைத் தான் திறக்க வேண்டும் என்று டிக் அடிக்கச் சொல்லும். அடித்து ஓகே கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. படத்தைத் தொட்டால் மறுபடி போட்டோஸ்தான்.

கமாண்ட் பிராம்ப்ட்டில், கோப்பு வகை எதோடு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் அசாக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். டாட் ஜேபிஜி என்பது 'ஜேபெக்ஃபைல்' என்று பதில் வந்தது. கண்முன்னே திறப்பதற்கும் இந்தப் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. தெரியாதவர் இந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருப்பார்.

விஷயம் இதுதான். கோப்பைத் திறக்க வேண்டும் என்றால் விண்டோஸ் அதன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்க்கும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த எழுத்துகளுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும், அந்தப் பட்டப்பெயருக்குக் கீழே எந்த மென்பொருளை ஓட்டுவது என்ற கட்டளை இருக்கும். அசாக் காட்டுவது கணினி முழுமைக்கும் பொதுவான அந்தப் பழைய ஏற்பாட்டை. அதற்கு மேலே பயனருக்கென்று ஒரு தனி ஏற்பாடு உண்டு. ரெஜிஸ்ட்ரிக்குள் எக்ஸ்ப்ளோரரின் ஃபைல்எக்ஸ்ட்ஸ் பகுதியில் ஒவ்வொரு வகைக்கும் கீழே 'யூசர்சாய்ஸ்' என்று ஒரு சாவி, அதாவது ஒரு பதிவு, இருக்கும். அதில் ஏதாவது எழுதியிருந்தால் மற்றது எதுவும் செல்லாது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எந்த மென்பொருளும் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளலாம். ஒரு படம் பார்க்கும் மென்பொருளை இன்ஸ்டால் செய்தால் அது எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும், அடுத்த வாரம் இன்னொன்று வந்து அதனிடமிருந்து பிடுங்கும். விஸ்டாவில்தான் யூசர்சாய்ஸ் வந்தது. விண்டோஸ் 8-ல் அதற்கு ஒரு பூட்டும் போட்டார்கள். சாவியின் உள்ளே 'ஹேஷ்' என்று ஒரு மதிப்பு. கோப்பு வகை, பயனரின் அடையாள எண், மென்பொருளின் பட்டப்பெயர், எழுதப்பட்ட நேரம், விண்டோஸுக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஒரு வாக்கியம், இவை எல்லாம் சேர்ந்து அந்த ஹேஷ் உருவாகிறது. கிறிஸ்டோஃப் கோல்பிட்ஸ் என்பவர் 2017-ல் அந்தக் கணக்கை உடைத்து ஒரு கருவி வெளியிடும் வரை வெளியாட்கள் அதை எழுத வழியே இல்லை.

பத்திரத்தில் பேனாவால் பெயரை மாற்றி எழுதிவிட்டு சார்பதிவாளர் முத்திரை இல்லாமல் கொண்டுபோனால் என்ன ஆகுமோ, ஹேஷ் இல்லாத யூசர்சாய்ஸுக்கும் அதே கதிதான். விண்டோஸ் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் சொந்த மென்பொருளின் பெயரை எழுதிக்கொள்ளும். பிக்காஸாவின் அந்த டிக் பெட்டி முத்திரை வழக்கம் வருவதற்கு முன்னால் உருவானது. அது பழைய இடத்தில் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது.

அந்த மாதிரிக் கருவி எதுவும் இல்லாமல் முத்திரை போட எளிய வழி மனிதக் கை. படத்தின் மேல் வலது சொடுக்கு, 'ஓபன் வித்', வேறு ஆப் தேர்வு. பட்டியலில் பிக்காஸா போட்டோ வியூவர் இல்லை. அதனால் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86, கூகுள், பிக்காஸா3 என்று உள்ளே போய் அந்த எக்ஸ்இ கோப்பையே காட்டினேன். கீழே 'ஆல்வேஸ்' பொத்தான். ஜேபிஜி, ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், பிஎம்பி என்று ஐந்துக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். விண்டோஸ் 10-ல் 'போட்டோ வியூவர்' என்று ஒரே இடத்தில் மொத்தமாக மாற்றலாம். 11-ல் வகை வகையாகத்தான். எரிச்சலான வேலை.

முடித்தேன். ஐந்தும் சரியாகத் திறந்தன. அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை

"நேத்து நீ சரி பண்ணிட்டுத்தான போன? இன்னைக்கு மறுபடி பழையபடி தொறக்குது."

விண்டோஸ் அப்டேட் ஏதாவது வந்திருக்கும் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். உண்மையில் பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு. திரும்பச் செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன், அவரே செய்தார். அதற்கு அடுத்த நாளும் அதே போன். பகலெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, காலையில் கடை திறந்து கணினியைப் போட்டால் மாறியிருக்கிறது. தினமும் அப்டேட் வராதே.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். கணினியைப் போட்டதும் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு ஜேபிஜியை மட்டும் சொடுக்கினேன். வலது ஓரத்தில் 'ஒரு ஆப் டிஃபால்ட் ரீசெட் செய்யப்பட்டது' என்ற அறிவிப்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. போட்டோஸ் திறந்தது. ஆக, யாரோ முத்திரை இல்லாமல் எழுதியிருக்கிறார்கள், விண்டோஸ் கண்டுபிடித்துக் கலைத்திருக்கிறது.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஜேபிஜியின் யூசர்சாய்ஸைப் பார்த்தேன். ஹேஷ், பட்டப்பெயர் இரண்டும் ஒழுங்காக இருந்தன. விண்டோஸ் தன் கையால் எழுதியது அது. நான் சொடுக்கியதாலேயே தடயம் அழிந்துவிட்டது. அப்போதுதான் தோன்றியது, பிஎம்பியை இன்னும் யாரும் தொடவில்லையே. அதன் சாவியைத் திறந்தேன். உள்ளே ஹேஷ் இல்லை. பட்டப்பெயர் மட்டும் தனியாக நின்றது: போட்டோவியூவர், ஃபைல்அசாக், டிஃப் என்று மூன்று சொற்கள் புள்ளி வைத்துச் சேர்ந்த ஒரு பெயர்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். விண்டோஸ் 7-ல் இருந்த பழைய விண்டோஸ் போட்டோ வியூவரின் பெயர் அது. புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-லிருந்து அந்த வியூவர் கணினிக்குள் இருந்தும் இல்லாத மாதிரி. டிஃப் வகைக்கு மட்டும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், ஜேபிஜிக்குக் கிடையாது. அதைத் திரும்ப எழுப்ப ரெஜிஸ்ட்ரி கோப்புகள் இணையத்தில் ஏராளம். ஆனால் அண்ணாச்சிக்கும் எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் யாருக்கு?

ரன் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று அடித்து ஸ்டார்ட்அப் ஃபோல்டரைத் திறந்தேன். கணினியைப் போட்டதும் தானாக ஓட வேண்டியவை இருக்கும் இடம் அது. உள்ளே 'போட்டோ ஃபிக்ஸ்' என்று ஒரு பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை எழுதி வைத்து ஓட்டும் கோப்பு. நோட்பேடில் பார்த்தால் ஒரே ஒரு வரிதான் வேலை செய்தது: டவுன்லோட்ஸில் இருந்த ஒரு ரெஜ் கோப்பை ரெஜிஸ்ட்ரிக்குள் இம்போர்ட் செய்வது. அந்த ரெஜ் கோப்பு முதலில் ஐந்து வகைகளின் யூசர்சாய்ஸ் சாவியையும் அழித்துவிட்டு, விண்டோஸ் போட்டோ வியூவரின் பெயரை எழுதியது. அந்தச் சாவிக்குள் மதிப்பை மாற்றத்தான் விண்டோஸ் தடை போட்டிருக்கிறது. சாவியையே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் தடுப்பதில்லை. ஹேஷ் மட்டும் வராது.

அதை வைத்தது அண்ணாச்சியின் அக்கா மகன், பாலிடெக்னிக் படிக்கிறவன். போன் போட்டுக் கேட்டோம்.

"மாமாதான் அண்ணே, பழைய மாதிரி தொறக்கணும்னு கேட்டாவ. நெட்டுல எடுத்துப் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா போயிருது. அதான் ஸ்டார்ட்அப்ல வச்சிட்டேன், தினமும் அதுவே போட்டுக்கும்லா."

பையனைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஓட்டியது நிற்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஓட்டு என்பது நாமெல்லாம் செய்வதுதான். அவன் எழுதியதை விண்டோஸ் கலைத்தது, அதனால் அவன் தினமும் எழுத வைத்தான், அது தினமும் கலைந்தது. நடுவில் நான் கையால் முறையாக வைத்த ஐந்தையும் அவனுடைய பேட்ச் ஒவ்வொரு காலையும் அழித்துக்கொண்டிருந்தது. நான் வருவதற்கு ஒரு நாள் முன்னால்தான் அதை வைத்திருக்கிறான். அண்ணாச்சி அதைச் சொல்லவில்லை. நானும் "வேற யாராவது கை வச்சாங்களா" என்று கேட்கவில்லை. ரெஜிஸ்ட்ரியைத் திறக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பேட்ச் கோப்பை அழித்தேன். ஐந்து வகைகளுக்கும் மறுபடி 'ஓபன் வித்'. மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், நின்றது. கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தனி லாகின் உண்டு. யூசர்சாய்ஸ் ஆளுக்கு ஆள் தனி என்பதால் அவர் லாகினிலும் முதலிலிருந்து ஐந்தையும் வைக்க வேண்டியிருந்தது.

எதிலும் திறக்காத படங்கள்

இதற்கும் தொடர்புக்கும் சம்பந்தமில்லை என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. திறக்காத ஜேபிஜி ஒன்றை போட்டோஸில், பெயின்டில், பிக்காஸாவில் என்று வரிசையாகக் கொடுத்தேன். மூன்றும் கையை விரித்தன. எந்த மென்பொருளும் திறக்காது என்றால் சந்தேகப்பட வேண்டியது கோப்பை.

கேமராவில் வரும் பெயர் பெரிய எழுத்தில் இருப்பதால்தான் திறக்கவில்லை என்பது அண்ணாச்சியின் கணிப்பு. இல்லை. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை.

படத்தை நோட்பேடில் திறந்தேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் முதல் வரியே போதும். ஒழுங்கான ஜேபெக் என்றால் தொடக்கத்திலேயே குப்பை எழுத்துகளுக்கு நடுவே 'எக்ஸிஃப்' என்றோ 'ஜேஎஃப்ஐஎஃப்' என்றோ தெரியும். இதில் எஃப், டி, ஒய், பி, அதை ஒட்டி ஹெச், இ, ஐ, சி. ஜேபிஜி சட்டை போட்டுக்கொண்ட ஹெச்இஐசி. 2017-ல் ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன்கள் படம் பிடிக்கும் வடிவம் அது. பிக்காஸாவின் ஆயுள் அதற்கு முந்தின வருஷமே முடிந்துவிட்டது. அது தெரிந்திருக்க வழியே இல்லை.

எப்படி வந்தது? ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தான்: "போட்டோவா அனுப்பாதீங்க, குவாலிட்டி போயிரும், டாக்குமென்ட்டா அனுப்புங்க." வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் ஜேபெக்காக மாறி வரும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஐபோனின் ஹெச்இஐசி பல நேரம் அப்படியே வந்து இறங்கும். கவுன்டர் பெண் அதைப் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் ஜேபிஜியாக இருக்கிறதே என்று பெயரை மாற்றியிருக்கிறார். பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் நீட்சியை மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரித்திருக்கும். யார் படிக்கிறார்கள்.

பெயரை மறுபடி ஹெச்இஐசி ஆக்கி, ஸ்டோரிலிருந்து ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷனை இலவசமாக இறக்கினேன். அதோடு ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷனும் வேண்டும், அதற்குச் சிறு தொகை கேட்கிறார்கள். இரண்டும் வந்ததும் போட்டோஸில் படம் தெரிந்தது, பெயின்டில் திறந்து உண்மையான ஜேபெக்காகச் சேமித்தோம். ஐபோன் வாடிக்கையாளர் நேரில் வந்தால், கேமரா செட்டிங்கில் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்வு செய்யச் சொன்னால் அடுத்த படத்திலிருந்து ஜேபெக்காகவே விழும். மானிட்டருக்கு மேலே அண்ணாச்சி தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: "ஐபோனா கேள். ஆமான்னா டாக்குமென்ட் வேண்டாம். ஹெச்டி போட்டோ போதும்." பாஸ்போர்ட் அளவுக்கு அது தாராளம்.

பிக்காஸாவில் காணாத படங்கள் இரண்டு ரகம். பிஎன்ஜி ஃப்ரேம்கள் ஒரு ரகம். பிக்காஸாவின் ஆப்ஷன்ஸில் 'ஃபைல் டைப்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்த வகைகளை அது தேடிக் காட்ட வேண்டும் என்பதற்கான பக்கம் அது. யார் திறப்பது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயரைப் பார்த்து இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. பிஎன்ஜிக்கு டிக் இல்லை, அடித்தேன், வந்தது.

இன்னொரு ரகம் பிரவுசரில் வலது சொடுக்கிச் சேமித்தவை. அவற்றின் நீட்சி ஜேஎஃப்ஐஎஃப். உள்ளே இருப்பது சுத்தமான ஜேபெக், பெயர்தான் வேறு. பிக்காஸாவின் பட்டியலில் அந்தப் பெயர் கிடையாது. இதற்குக் காரணம் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு சொல். மைம், டேட்டாபேஸ், கன்டென்ட் டைப் என்று போய் இமேஜ் ஜேபெக் என்ற சாவியைத் திறந்தால் 'எக்ஸ்டென்ஷன்' என்ற மதிப்பு டாட் ஜேஎஃப்ஐஎஃப் என்று இருக்கும். அதை டாட் ஜேபிஜி ஆக்கினேன். பிரவுசர் அடுத்த படத்திலிருந்து ஒழுங்காகச் சேமித்தது. ஏற்கெனவே இருப்பவற்றை ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்ட் வைத்து ரென் கட்டளையால் மொத்தமாகப் பெயர் மாற்றினேன். ஹெச்இஐசியில் பெயரை மாற்றியது குற்றம், இங்கே அதே வேலைதான் மருந்து.

கரெக்‌ஷன் காணாமல் போன பிரிண்ட்

அண்ணாச்சிக்கு உண்மையிலேயே பணம் நஷ்டமானது இதில்தான். ஒரு வளைகாப்பு வரிசையில் முப்பது பிரிண்ட், எல்லாம் மஞ்சளடித்துப் போயிருந்தது. "நான் கரெக்‌ஷன் பண்ணினது இந்தா தெரியுதுல்லா" என்று பிக்காஸாவைத் திறந்து காட்டினார். அதில் அழகாக இருந்தது. அதே படத்தை எக்ஸ்ப்ளோரரிலிருந்து போட்டோஸில் திறந்தால் மஞ்சள்.

பிக்காஸா செய்யும் திருத்தம் படத்துக்குள் போவதில்லை. அந்த ஃபோல்டரிலேயே மறைந்து கிடக்கும் பிக்காஸா டாட் ஐஎன்ஐ என்ற சிறு உரைக் கோப்பில் "இந்தப் படத்தை இவ்வளவு வெட்டு, இவ்வளவு வெளிச்சம் கூட்டு" என்று குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். பிக்காஸா அந்தக் குறிப்பைப் படித்துத் திருத்திக் காட்டும். போட்டோஸ் மாதிரி மற்ற மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. பழைய கணினியில் அண்ணாச்சியே உட்கார்ந்து பிக்காஸாவுக்குள்ளிருந்து பிரிண்ட் கொடுத்தார், அதனால் வித்தியாசம் தெரியவில்லை. புதுக் கணினியில் கவுன்டர் பெண் எக்ஸ்ப்ளோரரிலிருந்து நேரே கொடுத்தார்.

இதை எந்தத் தொடர்பாலும் சரிசெய்ய முடியாது. திருத்திய பிறகு பிக்காஸாவில் 'சேவ்' கொடுக்க வேண்டும். கொடுத்தால் திருத்தம் ஜேபெக்குக்குள் எழுதப்படும், மூலப்படம் அதே ஃபோல்டருக்குள் பிக்காஸாஒரிஜினல்ஸ் என்ற மறைவான ஃபோல்டருக்குப் போகும். இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் பிக்காஸா என்றைக்காவது ஓடாமல் நின்றால் பன்னிரண்டு வருஷத்து உழைப்பு ஒரு உரைக் கோப்போடு முடங்கிப்போகாது. ஃபோல்டரை நகர்த்தும்போது மறைந்த கோப்புகளும் கூடவே வருகின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். முதலில் நகல் எடுத்தபோது எல்லாம் வந்திருந்தது, நல்ல காலம்.

மொத்தம் மூன்று வருகை, ஒரு டீ, இரண்டு பரோட்டா. அண்ணாச்சி இப்போது மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பழைய ஃபோல்டர்களை ஒன்றொன்றாகத் திறந்து சேவ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் நான் போனபோது 2017 வரை வந்திருந்தார்.